எலும்புக்கூட்டுக் கடற்கரையில் மூன்று இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நமீபியா நாட்டின் வடமேற்கு மூலையில் பாலைவனம் நேராக அட்லாண்டிக் கடலில் போய் முடிகிறது. அந்த இடத்துச் சஃபாரி முகாம் ஒன்றில் நானும் என் கணவரும் சென்ற செப்டம்பரில் மூன்று இரவு தங்கி வந்தோம். அவருக்கு அறுபது நிறைந்ததற்காக, ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் மகளும் மருமகனும் செய்த ஏற்பாடு அது. ஊர் திரும்பியதிலிருந்து கல்யாண வீட்டிலும் காய்கறிக் கடையிலும் அதே கேள்விகள்தான். பழைய மாணவர்கள் போன் செய்தும் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் முப்பது வருடம் புவியியல் நடத்தியவள் நான். வாசலில் நின்று அரைகுறையாகச் சொல்வதை விட, உட்கார்ந்து முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அது எங்கே இருக்கிறது? கென்யா பக்கமா?

இல்லை. கென்யா கிழக்கு ஆப்பிரிக்கா. நமீபியா தென்மேற்கில், தென்னாப்பிரிக்காவுக்கும் அங்கோலாவுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் வடக்குக் கடலோரத்துக்கு ஸ்கெலிட்டன் கோஸ்ட் என்று பெயர், அதாவது எலும்புக்கூட்டுக் கடற்கரை. கரையில் ஒதுங்கிய திமிங்கில எலும்புகளும் தட்டி நின்ற கப்பல்களும் கொடுத்த பெயர் இது. உகாப் ஆற்று முகத்திலிருந்து அங்கோலா எல்லையான குனேனே ஆறு வரை சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு 1971இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

எவ்வளவு வெறிச்சோடிய நாடு என்று புரிய ஒரு கணக்கு சொல்கிறேன். நமீபியா தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு பெரியது. மொத்த மக்கள் 2023 கணக்கெடுப்பில் சுமார் 30 லட்சம். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தால் 2011லேயே 33 லட்சத்துக்கு மேல். நம் இரண்டு மாவட்டத்து ஜனம் கூட அந்த முழு நாட்டில் இல்லை.

கடல் பக்கத்திலேயே இருக்கும்போது அது எப்படிப் பாலைவனமாகும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முப்பது வருடமாகக் கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் பெங்குவெலா நீரோட்டத்தை அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறேன். தெற்கிலிருந்து வரும் குளிர் நீரோட்டம் அது. அதன் மேல் இருக்கும் காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது. மேலே எழும்பாத காற்று மழை மேகமாகாது. ஆனால் கடலின் ஈரம் அந்தக் குளிரில் பனிமூட்டமாகிறது. விடியற்காலையில் அது கரையேறி, ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாகப் பல கிலோமீட்டர் உள்ளே வருகிறது. கடலோரத்தில் ஆண்டில் நூறு நாளுக்கு மேல் மூட்டம் இருக்கும். மழையோ 20 மில்லிமீட்டர் கூடப் பெய்யாத இடங்கள் உண்டு. வறண்ட மாவட்டம் என்று நாம் அலுத்துக்கொள்ளும் நம் ஊரில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது.

அந்தக் கடலில் கையை வைத்துப் பார்த்தேன். ஐஸ் பெட்டியில் கை விட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருடம் நடத்திய பாடத்தைக் கையால் தொட்டது போல இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கணவர் பயந்துபோய் என்ன ஆச்சு என்று கேட்டார்.

ஆக, அங்கே குளிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். குளிரும் அலையும் இழுப்பும் சேர்ந்த கடல் அது.

எப்படிப் போவது? சாலை இருக்கிறதா?

பூங்காவின் தெற்குப் பாதியில் அனுமதிச் சீட்டு வாங்கி, நம் வண்டியிலேயே போகலாம். வடக்குப் பாதி பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. அங்கே அரசிடம் உரிமம் பெற்ற ஓரிரு முகாம்களின் விருந்தாளிகள் மட்டுமே போகலாம், பெரும்பாலும் சிறு விமானத்தில். 2014இல் தொடங்கிய ஹோனிப் ஸ்கெலிட்டன் கோஸ்ட் கேம்ப் பூங்காவை ஒட்டிய ஹோனிப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எட்டுக் கூடாரங்களோடு இருக்கிறது. 2018இல் வந்த ஷிப்ரெக் லாட்ஜ் கடலோரத்திலேயே, உடைந்த கப்பல் வடிவில் மர அறைகள் கட்டி வைத்திருக்கிறது. இதில் ஏதாவது ஒன்றிலா தங்கினீர்கள் என்று கேட்காதீர்கள், விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

நமக்குச் சென்னையை விடப் பெங்களூரு விமான நிலையம்தான் கிட்டம். அங்கிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், ஜோகன்னஸ்பர்க் வழியாக நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக் போனோம். மறுநாள் அங்கிருந்து பன்னிரண்டு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். கீழே முதலில் புதர்க்காடு, அப்புறம் கருங்கல் குன்றுகள், அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்தக் குன்றுகளைப் பார்த்தபோது பர்கூர் பக்கத்துப் பாறை மலைகள் ஞாபகம் வந்தன, மேலே ஒரு கோயிலும் கீழே ஒரு ஏரியும் இல்லாத குறைதான். ஓடுதளம் என்பது கல் பொறுக்கிச் சமன் செய்த மண் தரை. அதில் இறங்கியதும் விமானி திரும்பி, “வந்துவிட்டோம்” என்றார். சுற்றிலும் எங்கள் வண்டியையும் வழிகாட்டியையும் தவிர எதுவும் இல்லை.

விசா, தடுப்பூசி?

இந்தியர்களுக்கு விசா வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் நமீபிய அரசின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் வெளியே இறங்கினால் அதற்கும் தனி விசா.

மஞ்சள் காய்ச்சல் விஷயத்தை அசட்டையாக விடாதீர்கள். அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போகும் டிக்கெட் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள். அந்த வழியாக வருபவர்களிடம் நம் நாட்டு விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் ஊசி போட்டிருக்க வேண்டும், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அறுபது வயதுக்கு மேல் அந்த ஊசி எல்லோருக்கும் ஒத்துவராது, டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. நாங்கள் துபாய் வழியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

என்ன பெட்டி கொண்டு போவது?

இதில் நாங்கள் அடிபட்டோம். சிறு விமானத்தில் கைப்பை, கேமரா எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 20 கிலோதான். அதுவும் மடங்கும் துணிப்பையாக, சக்கரமோ சட்டமோ இல்லாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் விமானத்தின் வயிற்றில் இருக்கும் சின்ன அறையில் அமுக்கித் திணிப்பார்கள். பயணத்தை ஏற்பாடு செய்து கொடுத்தவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் தடித்த பிளாஸ்டிக் சூட்கேஸோடு போய் நின்றோம். விண்ட்ஹுக்கிலேயே அவசரமாக ஒரு துணிப்பை வாங்கி, பாதித் துணியை மாற்றி, மீதியை விடுதியில் விட்டுவிட்டுப் போனோம். முறுக்கு டப்பாவும் அங்கேயே தங்கிவிட்டது.

துணி அதிகம் தேவையில்லை, முகாமிலேயே துவைத்துத் தருகிறார்கள். ஸ்வெட்டர், காற்று புகாத ஜாக்கெட், காதை மூடும் குல்லா, கண்ணுக்கு மருந்துச் சொட்டு இவை கட்டாயம். பாலைவனம்தானே என்று பருத்திச் சட்டையோடு போனால் நடுங்குவீர்கள். ஓசூர் மார்கழிக் குளிரை நினைத்துக்கொண்டு மூட்டை கட்டுங்கள், காற்று அதை விடக் கடுமை. பிளாஸ்டிக் பைகளை எடுத்துப் போகாதீர்கள், தேசியப் பூங்காக்களுக்குள் அவற்றுக்குத் தடை. ட்ரோனும் அனுமதியில்லாமல் கூடாது.

ஒரு நல்ல செய்தி. நம் வீட்டில் கீசருக்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக் இருக்கிறதே, அங்கே சுவரில் இருப்பது அந்த அளவுதான். வெளிநாட்டு அடாப்டர் என்று தேடி அலைய வேண்டாம்.

கூடாரம் என்கிறீர்கள், பாத்ரூம் எங்கே?

உள்ளேயேதான். பெயருக்குத்தான் கூடாரம். மரத்தளம், கேன்வாஸ் சுவர், பெரிய கட்டில், ஷவர், மேல்நாட்டுக் கழிவறை எல்லாம் உண்டு. மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து, வெந்நீரும் வெயிலில் காய்ந்ததுதான். தண்ணீர் மட்டும் எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டியது. ஷவரில் வெந்நீர் வரும் வரை விழும் தண்ணீரைப் பிடிக்கக் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் நாம், அந்த வாளியை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இரவில் படுக்கைக்குள் உல்லன் உறை போட்ட வெந்நீர்ப் பை வைத்துவிட்டுப் போகிறார்கள். கேன்வாஸ் காற்றில் விடிய விடியப் படபடக்கும். முதல் இரவு தூக்கமே வரவில்லை. மூன்றாம் இரவு அந்தச் சத்தம் கொஞ்சம் நின்றபோது விழித்துக்கொண்டேன்.

பயமாக இல்லையா? மிருகம் உள்ளே வந்துவிட்டால்?

முகாமுக்கு வேலி கிடையாது. இருட்டியதும் தனியாக நடக்க விடமாட்டார்கள், சாப்பிடப் போகவும் திரும்பவும் டார்ச்சோடு ஒருவர் கூட வருவார். அறையில் ஒரு ஹாரன் இருக்கும், அவசரம் என்றால் அழுத்தலாம். இந்த இரண்டையும் சரியாகக் கடைப்பிடித்தால் பயப்பட ஒன்றுமில்லை. காலையில் கூடாரத்து வாசலில் குளம்புத் தடம் இருந்தது. ஓரிக்ஸ் என்ற மான் இனம், நீட்டிய இரண்டு வேல் மாதிரிக் கொம்பு உள்ளது, இரவில் வந்துபோயிருக்கிறது. தடத்தின் ஓரம் பனி ஈரத்தில் இன்னும் உடையாமல் இருந்தது. நாங்கள் பார்ப்பதற்குள் காற்று அதை மூட ஆரம்பித்துவிட்டது.

சிங்கம் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. அதற்காக ஏமாந்ததாகவும் நினைக்கவில்லை. ஒரே நாளில் நூறு மிருகம் பார்க்க வேண்டும் என்றால் எத்தோஷாவுக்கோ மசாய் மாராவுக்கோ போங்கள். இங்கே ஒரு நாளுக்கு நாலைந்து வகை பார்த்தாலே பெரிது.

ஆனால் அந்தச் சிங்கங்களின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1980களில் இந்தக் கடலோரத்தில் சிங்கங்கள் இருந்தன, கடல்நாயை அடித்துத் தின்றன. ஆடுமாடு வளர்ப்பவர்களோடு மோதலில் அவை சுட்டும் விஷம் வைத்தும் கொல்லப்பட்டு, கரையில் இல்லாமலே போயின. பிறகு உள்நாட்டு மலைகளில் மிஞ்சியவை மெல்லப் பெருகி, மறுபடியும் கடலைத் தேடி வந்தன. பிலிப் ஸ்டாண்டர் என்ற ஆய்வாளர் 1990களின் கடைசியிலிருந்து அவற்றின் பின்னாலேயே அலைந்து பதிவு செய்கிறார். சில வருடங்களுக்கு முன் இளம் பெண் சிங்கங்கள் நீர்க்காகம், பூநாரை, கடல்நாய் என்று கடலோர இரையைப் பிடிக்கப் பழகிக்கொண்டன. சொல்லிக்கொடுக்கப் பெரியவை யாரும் உடன் இல்லாமல் தாமாகவே கற்றுக்கொண்டவை. நாங்கள் பார்த்தது மணலில் ஒரு சிங்கத் தடம். என் உள்ளங்கையை விரித்துப் பக்கத்தில் வைத்தேன், தடம்தான் பெரிது.

அங்கே இருப்பதும் நம் யானைதானே?

வேறு இனம். ஆப்பிரிக்க யானைக்குக் காது பெரிது, பெண்ணுக்கும் தந்தம் உண்டு. பாலைவன யானை என்று சொல்வது தனி இனமும் அல்ல, பாலையில் வாழப் பழகிய அதே ஆப்பிரிக்க யானைதான். உடம்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும், நடை நீளம். தண்ணீர் இல்லாமல் சில நாள் தாக்குப்பிடிக்கும். எந்த ஆற்றில் எந்த இடத்தில் ஊற்று இருக்கிறது என்று மூத்த பெண் யானைக்குத் தெரியும், மற்றவை அதன் பின்னால் போகும்.

அங்கே ஆறு என்பது மணல்தான். மலைப்பக்கம் மழை பெய்தால் வருடத்தில் சில நாள் வெள்ளம் வரும், அது கடலைத் தொடுவது எப்போதாவது. மீதி நாளெல்லாம் அடியில்தான் தண்ணீர். யானை காலாலும் தும்பிக்கையாலும் தோண்டி, தண்ணீர் சுரக்கும் வரை காத்து நின்று குடிக்கிறது. அது விட்டுப்போன குழியில் அடுத்து ஓரிக்ஸ், நரி, பறவை. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றும் பழக்கத்தைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் குழியின் ஓரத்தில் நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாள் காலையில் ஒரு ஆண் யானையை முப்பது அடி தூரத்தில் பார்த்தோம். ஆனா மரம் என்று ஒன்று ஆற்றங்கரை நெடுக நிற்கிறது. மற்ற மரமெல்லாம் காய்ந்து நிற்கும் வறட்சியில் அது இலை விட்டிருக்கும், மழைக்காலத்தில் உதிர்த்துவிடும். காய் நம் கொடுக்காப்புளி மாதிரி முறுக்கிக்கொண்டு, ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அந்த யானை நெற்றியை மரத்தில் வைத்தது. சாய்ந்து ஒருமுறை, இருமுறை குலுக்கியது. சலசலவென்று காய் கொட்டியது. பிறகு அவசரமே இல்லாமல் தும்பிக்கை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது, ஒன்றைக் கூட மிதிக்கவில்லை. கொல்லையில் உலுக்கிய புளியை என் பாட்டி பொறுக்குவது அப்படித்தான் இருக்கும். கிளையை அது முறிக்கவில்லை. இங்குள்ள யானைகள் மரத்தை வீணாக்குவது அபூர்வம் என்று வழிகாட்டித் தம்பி மெல்லச் சொன்னார்.

யானை என்றால் நம் ஜவளகிரி, தளி, அஞ்செட்டி சனங்களுக்கு நான் எதுவும் சொல்லித் தர வேண்டியதில்லை. ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து கூட்டம் இறங்கினால், பரணில் தகரம் தட்டிக்கொண்டு விழித்திருப்பவர்கள் அவர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன, குட்டிகள் இரண்டும் அநாதையாகச் சுற்றின. அந்தப் படத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நமீபியாவிலும் இதே சண்டை உண்டு. யானை வந்தால் விவசாயியின் தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் உடைக்கிறது. அங்கே சில ஊர்களில் தொட்டியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பி, யானைக்கென்று தனியாகக் குடிநீர் இடம் விடுகிறார்கள். கருங்கல்லுக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. காட்டோரத்துக் கிணற்றுக்கும் களத்துக்கும் அப்படி ஏன் செய்து பார்க்கக் கூடாது என்று வனத்துறை நண்பர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அங்கே மனிதர்களே இல்லையா?

கடலோரத்தில் இல்லை. உள்ளே தள்ளி ஹிம்பா, ஹெரேரோ, டமாரா மக்கள் வாழ்கிறார்கள். ஹிம்பா பெண்கள் காவி மண்ணையும் வெண்ணெயையும் குழைத்து உடம்பிலும் சடையிலும் பூசிக்கொள்கிறார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சுற்றுலாப் பொருளாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை, மாடு எத்தனை, மேய்ச்சல் எப்படி என்று பேசினால் அவர்களும் திருப்பிக் கேட்கிறார்கள். உங்கள் ஊரில் மாட்டுக்குச் சிங்கத் தொல்லை உண்டா என்று ஒரு பாட்டி என்னைக் கேட்டார், சிறுத்தைத் தொல்லை உண்டு என்றேன். வழிகாட்டி அதை மொழிபெயர்த்ததும் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

1996இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்து, ஊர்ப் பொது நிலத்தில் காட்டு விலங்கால் வரும் வருமானத்தில் ஊர்ச் சங்கங்களுக்கு உரிமை கொடுத்தார்கள். இன்று நாடு முழுக்க எண்பதுக்கு மேற்பட்ட சங்கங்கள். எங்கள் வழிகாட்டி, சமையல்காரர், கூடாரம் பெருக்குபவர் எல்லோரும் நமீபியர்கள்தான். எங்கள் வழிகாட்டி டமாரா, நாக்கைச் சொடுக்கிப் பேசும் மொழி. அவர் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

சோறு கிடைக்குமா? நாங்கள் சைவம்.

பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள், முட்டை உண்டா இல்லையா என்பது வரைக்கும். அங்கிருந்து கடைக்கு ஓட முடியாது, எல்லாம் லாரியிலும் விமானத்திலும் வருவது. எங்களுக்குப் பருப்பு, காய்கறிக் குழம்பு, அரிசி குறைவில்லாமல் கிடைத்தது, காரம்தான் பற்றாது. இட்லிப் பொடி ஒரு பாக்கெட் கைப்பையில் இருந்ததால் தப்பித்தோம்.

விடியலில் கிளம்பும்போது காபியோடு ரஸ்க் வைப்பார்கள். நம் பேக்கரி ரஸ்க்கை விடத் தடிமன், கல் மாதிரி இருக்கும், காபியில் முக்கித்தான் சாப்பிட வேண்டும். அதைப் பார்த்ததுமே என் கணவருக்கு ஊர் வந்த மாதிரி ஆகிவிட்டது.

கடைசி இரவு நடந்ததைச் சொல்கிறேன். சமையல் செய்த அம்மா வட நமீபியாவின் ஓவம்போ மக்களில் ஒருவர். உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். ராகிக் களி என்று சொல்லி, துடுப்பால் கிண்டுவதைக் கையால் செய்து காட்டினேன். அவர் உள்ளே போய், தனக்காகச் செய்து வைத்திருந்ததைத் தட்டில் கொண்டுவந்தார். மகாங்கு மாவில் கிண்டிய கெட்டிக் களி, பக்கத்தில் வதக்கிய காட்டுக்கீரை. மகாங்கு என்றால் வேறொன்றும் இல்லை, நம் கம்பு. வலது கையால் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து கீரையைத் தொட்டுச் சாப்பிட்டுக் காட்டினார். தர்மபுரிப் பக்கம் களியைத் தொட்டுச் சாப்பிடும் கை அசைவேதான். பக்கத்து மேஜையில் இருந்த ஐரோப்பியத் தம்பதி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த முகாமின் ஏழு வகை விருந்தை விட அந்தத் தட்டு எனக்குப் பெரிது.

உடைந்த கப்பல்கள் இன்னும் இருக்கின்றனவா?

துண்டு துண்டாக இருக்கின்றன. உப்புக் காற்று இரும்பை இலை மாதிரி உரித்துவிடுகிறது. முழுக் கப்பல் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே ஹென்டீஸ் பே அருகே சைலா என்ற மீன்பிடிக் கப்பல் நிற்கிறது. பழைய இரும்புக்காக விற்று, பம்பாய்க்கு இழுத்து வரும் வழியில் கயிறு அறுந்து 2008 ஆகஸ்டில் கரை தட்டியது. நம் நாட்டுக்கு வர வேண்டிய கப்பல் அது, இப்போது அதன் மேல் நீர்க்காகங்கள் குடியிருக்கின்றன.

வடக்கே நடந்த பெரிய சம்பவம் டுனெடின் ஸ்டார். போர்க்காலச் சரக்கோடு வந்து, 1942 நவம்பர் 29 அன்று அங்கே தரை தட்டிய பிரிட்டிஷ் கப்பல் அது. அதில் 106 பேர் இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோரைப் படகில் கரை சேர்ப்பதற்குள் படகு உடைந்துபோனது. கரையில் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. காப்பாற்ற வந்த இழுவைக் கப்பல் தானே தரை தட்டி அதில் இருவர் இறந்தார்கள். தண்ணீர் கொண்டுவந்த விமானம் மணலில் புதைந்தது. தரை வழியாக வந்த லாரிகள் புதைந்து புதைந்து மீண்டன. கடைசி ஆள் பத்திரமாக விண்ட்ஹுக் சேர நான்கு வாரம் பிடித்தது. கப்பலில் வந்த 106 பேரும் பிழைத்தார்கள். அந்தக் கரையில் நின்று, தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை காய்ந்தது.

உண்மையைச் சொல்லுங்கள், எவ்வளவு செலவு?

இந்த மாதிரி முகாம்களில் கூட்டமான பருவத்தில் ஒருவருக்கு ஓர் இரவு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம், அதாவது எண்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். சாப்பாடு, சஃபாரி, துவைப்பு அதில் அடக்கம். சிறு விமானக் கட்டணம் தனி. எங்கள் ஓய்வூதியத்தில் இது நடக்காது, பிள்ளைகள் நான்கு வருடம் சேர்த்த பணம். ஆணியிலிருந்து அரிசி வரை பல நூறு கிலோமீட்டர் கொண்டு வர வேண்டும், எட்டுப் பத்து அறைக்கு மேல் கட்ட அனுமதி இல்லை, அரசுக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் பங்கு போகிறது. விலையின் காரணம் இதுதான், பளிங்குத் தரைக்கான விலை அல்ல.

அவ்வளவு முடியாதவர்கள் மனசு விட வேண்டாம். ஸ்வகோப்முண்ட் ஊரில் தங்கி, அங்கிருந்து வடக்கே 120 கிலோமீட்டரில் கேப் கிராஸ் போகலாம். லட்சக்கணக்கில் கடல்நாய்கள் கூடும் இடம் அது. நாற்றம் தாங்காது, ஆனால் அந்தக் காட்சியும் வேறெங்கும் கிடைக்காது. போர்த்துக்கீசியரான டியோகோ காவ் 1486இல் கல் சிலுவை நட்டதும் அங்கேதான். வாடகைக் கார் எடுத்தால் நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அதே பனிமூட்டம், அதே கடல், செலவில் சிறு பங்கு.

எந்த மாதம் நல்லது?

மே முதல் அக்டோபர் வரை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆற்றில் வெள்ளம் வந்தால் வழி அடைபடும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் போகலாமா? குழந்தைகள்?

என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. உயரமான ஜீப்பில் ஏற ஒரு மர முக்காலி வைத்துக் கைகொடுத்தார்கள், சமாளித்தார். ஆனால் ஒரு நாள் முழுக்க ஆற்றுப்படுகையில் குலுங்கிக் கடலுக்குப் போனது அவருக்குச் சிரமமாகத்தான் இருந்தது. முதுகெலும்புப் பிரச்சினை உள்ளவர்கள் போக வேண்டாம் என்றே சொல்வேன். மருத்துவமனை கிடையாது, அவசரம் என்றால் விமானம் வர வேண்டும், அதற்கான காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள். வழக்கமான மாத்திரைகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்குக் கைப்பையிலேயே வையுங்கள். குழந்தைகளுக்கு முகாமுக்கு முகாம் வயது வரம்பு வேறு, முதலிலேயே கேளுங்கள்.

போன் சிக்னல்?

வழியில் எங்குமே இல்லை. முகாமின் பொதுக்கூடத்தில் மட்டும் மெதுவாக வைஃபை வரும். நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால், அதனால் இரவு அங்கே பேச நினைக்கும்போது இங்கே தூங்கிவிடுவார்கள். மூன்று நாள் செய்தி தெரியாமல் இருந்தோம், ஒன்றும் குறைந்துபோகவில்லை.

நினைவாக என்ன கொண்டு வந்தீர்கள்?

பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. சில இடங்களில் மணல் மேல் கார்னெட் என்ற மணிக்கல்லின் துகள் படிந்து ஊதா நிறத்தில் மின்னும், ஒரு பிடி அள்ளத் தோன்றும். எலும்பும் கூழாங்கல்லும் அப்படியே. பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழும் வெல்விட்ஷியா என்ற செடியை அங்கே பார்த்தோம். வாழ்நாள் முழுக்க இரண்டே இரண்டு இலை, அதுவே கிழிந்து கிழிந்து நீள்கிறது. அதன் பக்கத்தில் மண்ணை மிதிக்கக் கூட விடவில்லை, வேர் நசுங்கும் என்று.

அந்த வண்டு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

இதைக் கேட்டது என் அண்ணன் பேத்தி, நாலாம் வகுப்பு. வண்டுக் கதையை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். மூட்டம் வரும் விடியலில் கறுப்பு வண்டு ஒன்று மணல்மேட்டின் உச்சிக்கு ஏறுகிறது. காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி, தலையைக் கீழே வைத்து, பின்னங்கால்களை நீட்டி நிற்கிறது. நாங்கள் மணலில் குப்புறப் படுத்துப் பார்த்தோம். முதலில் முதுகு மங்கலானது. பிறகு கடுகை விடச் சிறிய துளிகள். ஒரு துளி பக்கத்துத் துளியோடு சேர்ந்து கனத்து, முதுகு வழியே மெல்ல உருண்டு, கழுத்தருகே ஒரு நொடி நின்று, வாய்க்குள் போனது. அது குடிக்கும்போது வாய் அசைவது கூடத் தெரிந்தது.

நமீப் பாலைவனத்தில் இந்த வகை வண்டை ஆராய்ந்தவர்கள் 1976இல் எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரே காலையில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை மூட்டத் தண்ணீர் குடிக்கிறது. உன் எடை முப்பது கிலோ, அப்படியானால் நீ பத்து லிட்டர் குடிக்க வேண்டும் என்றேன். சமையலறைக்கு ஓடிப்போய்க் குடத்தைப் பார்த்துவிட்டு வந்து, “முக்கால் குடம் பாட்டி!” என்றாள்.